இரண்டாம் சாட்சி சொன்ன சொல்

"கதவைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது?"
"நூலாம்படை" என்றார்
அன்னலிங்கம் சௌந்தரநாயகி,
வயது அறுபத்தொன்று, சாம்பல்தீவு.

சட்டத்தரணியின் பேனா
படையில் தட்டி நின்றது.
அவருக்குத் தமிழ் அரைகுறை.
திருகோணமலையில் அரைகுறைத் தமிழுக்குள்
முதலில் வந்து குடியேறுகிற சொல் அது:
கடற்படை, விமானப்படை, அதிரடிப்படை.
"எந்தப் படை, எத்தனை பேர், கேளுங்கள்"
என்றார் என்னிடம், சிங்களத்தில்.

சத்தியம் செய்த உரைபெயர்ப்பாளர் நான்.
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
"மகுளு தெல்" என்றேன்.
சிலந்தியின் வலை, அவ்வளவுதான்.
நீதிபதி அண்ணாந்து பார்த்தார்.
மின்விசிறியின் தண்டிலும் ஒன்று
சான்றுப்பொருள் இலக்கம் இல்லாமல் ஆடியது.

ஆனால் அவர் வலை என்று சொல்லவில்லையே.
வலை இரைக்குப் போடுவது.
கரைவலை இழுக்கிற கடலோரத்தில் பிறந்தவருக்கு
அந்தச் சொல் கிடைக்காமலா போயிற்று?
எங்கள் வீட்டில் ஒட்டறை என்போம்;
ஒட்டிக்கொள்வதால் என்று
நானாக நினைத்துவைத்திருக்கிறேன்.
படை என்றால் சேனை.
தோலில் வட்டம் வட்டமாய்ப் படர்ந்து
சொறியச் சொறியப் பெருகுவதும் படை.
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த அடுக்கும் படைதான்.
செத்தவருக்கு இலை போட்டுப் படைக்கிறோமே,
அதுவும் இதற்குள் இருக்குமா?

மதிய இடைவேளையில் அகராதியைப் பார்த்தேன்.
சிலந்திக்கூடு என்றது,
எந்தப் படையை யார் நூலோடு முடிந்தார்கள் என்று
சொல்லவில்லை.
வெளியே மதிலோரம் ஒரு புள்ளிமான்
யாருடையதோ அழைப்பாணையைத்
தின்றுகொண்டிருந்தது.

இரண்டு மணிக்குக் குறுக்கு விசாரணை.
"வீடு எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தது?"

"திகதி தெரியாது ஐயா.
வாசல்ல இருந்து சாமியறை வரைக்கும்
கையால விலக்கி விலக்கித்தான் போனனான்.
கலியாணப் படத்தில
இவற்ற முகத்தை மட்டும் மூடியிருந்தது.
அதை நான் துடைக்கேல்லை.
எல்லாரும் போனாப் பிறகு
அந்தப் படைதானே ஐயா
வீட்டைப் பார்த்தது."

பேனா மறுபடியும் நின்றது.
எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

இந்தமுறை
"ஹமுதாவ" என்றே சொன்னேன்.
திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
பதிவேட்டில் அது
அப்படியே இருக்கிறது.