சி பிளாக் கணக்கு

நேற்று ராத்திரி ஜுபைல் கேம்ப்பின் கம்ப்யூட்டர் அறையில்
மஞ்சள் பட்டையாய் வந்து நின்றது செய்தி:
மேசைக் கணினிக்கான செயலி
பதினெட்டாம் தேதியோடு நிறுத்தப்படுகிறது,
உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய.

அருமைநாதன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.
கிரேன் ஓட்டுகிறவர்.
பிளாண்ட்டுக்குள் கேமரா போன் விடமாட்டார்கள் என்று
பட்டன் போனிலேயே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டவர்.
வெள்ளிக்கிழமைதோறும் இந்த நாற்காலி,
ஒரு காது செத்த இந்த ஹெட்போன்,
திரைக்குள் தக்கலையிலிருந்து
கணக்கு நோட்டைத் தூக்கிப் பிடிக்கும் மகள்.

"ஏன் சார் நிறுத்துறான்? நல்லாத்தானே ஓடுது?"

எல்லாரையும் போனுக்கு இழுக்கத்தான்,
போன்ல இருந்தாத்தான் நாம எங்க நிக்கிறோம்னு அவனுக்குத் தெரியும்
என்றான் வயரிங் சுல்பிகர்.
ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு வீடு, என்றார்
ஸ்டோர் தேவசகாயம்.
நேபாளி டீக்காராம் சிரித்தான்.
"கம்பெனி" என்றான். அவ்வளவுதான்.

நான் வாய் திறக்கவில்லை.
அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்த வாக்கியம்.
போன ரமலானுக்கு முன்னால்
சி பிளாக் மெஸ்ஸை மூடியபோது
நானே டைப் அடித்தது.

யாருக்கும் யார் மீதும் கோபமில்லை அன்றைக்கு.
ஏசி அறை. நாலு பேர். சுலைமானி.
ஒரு எக்செல் தாள்.
சாப்பிடுகிறவர்கள் முப்பத்தொன்று;
நாற்பதுக்குக் கீழே போனால் கேஸ் கட்டுப்படியாகாது.
கட்டத்தில் சிவப்பு தானாக விழுந்தது.
டி பிளாக்கில் போய்ச் சாப்பிடட்டுமே,
நானூறு மீட்டர்தானே, என்றது யாரென்று ஞாபகமில்லை.
நானாகவும் இருக்கலாம்.
ஆகஸ்ட் மத்தியானத்து நானூறு மீட்டருக்கு
அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இருபத்திநாலு பேர் நடந்தார்கள்.
மிச்ச ஏழு பேர் குபூஸும் தயிரும் வாங்கி
கட்டில் மேலேயே முடித்துக்கொண்டார்கள்.
மாத அறிக்கையில் எழுதினேன்:
மாற்றம் சுமுகமாக நடந்தது.

எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில்
இதே மாதிரி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.
கெட்டவர்களாய் இருக்கமாட்டார்கள்.
டீ நன்றாயிருந்திருக்கும்.

"சார்?"

"ஆள் குறைஞ்சுபோச்சுண்ணே, அதான்."

அவர் திரும்பிப் பார்த்தார்.
கதவுக்கு வெளியே செருப்புகள்,
சுவரோரம் டோக்கனோடு ஆறு பேர்,
ஒருத்தன் நின்றபடியே தூங்கிக்கொண்டு.
"குறைஞ்ச மாதிரித் தெரியலையே" என்றவர்
மஞ்சள் பட்டையின் மூலையிலிருந்த
பெருக்கல் குறியை அழுத்தினார்.

தக்கலையில் மணி அடிக்கத் தொடங்கியது.