எட்டு வளையம்

வாசலிலேயே பாஸ்போர்ட் கொடுத்தார்கள்,
நீல அட்டை, பன்னிரண்டு பக்கம்.
லித்திகா தன் பெயரை எழுதிவிட்டு
அப்பா பெயர் என்ற கோட்டில்
தேசப்பன், டிரைலர் என்று எழுதினாள்.
தொழிலைக் கேட்கலடி என்றேன்.
இருக்கட்டும்மா என்றாள்.

எண்ணூர் ரோட்டின் உப்புக் காற்றில்
திறந்த மாதமே துருப்பிடித்த ஈபிள் டவர்.
அதன் காலடியில் பத்து நாடுகள்,
பத்தும் ஜன்னல் வெட்டிய கன்டெய்னர்கள்.
எல்லாரும் நாடு நாடாக நடக்க
இவர் பெட்டி பெட்டியாகத் தட்டிக்கொண்டு வந்தார்.
"இது நாப்பதடி. நான் இழுத்த பொட்டி மாதிரியே கீது."
பெயின்டுக்கு அடியில் பாதி எண் தெரிந்தது.
படிக்க முட்டி போட்டவரைப்
பின்னால் நின்ற வரிசை திட்டியது.

மெக்சிகோவில் பாதியைக்
கிஷோர் சட்டையில் போட்டுக்கொண்டான்.
துருக்கி ஐஸ்கிரீம்காரன்
நீட்டுவதும் இழுப்பதுமாக வித்தை காட்ட,
"ரேஷன் கடையில பாக்காத ஆட்டமா, குடுப்பா"
என்றாள் நாத்தனார் சுகுணா.
கொடுத்துவிட்டான்.
சிவப்புத் தொப்பிக்குக் கீழே அவன் வியாசர்பாடி.
ஜப்பானில் பச்சையாய் ஒரு துவையல்.
புதினா என்று நம்பி மொத்தமாக விழுங்கிய இவர்
கண்ணில் நீர் வழிய
"நல்லாத்தான் கீது" என்றார்.
தாய்லாந்தில் நீல டீ,
எலுமிச்சை பிழிந்தால் ஊதா. சங்குப்பூவாம்.
எங்கள் தெருவில் கரன்ட் பெட்டி மேல்
படர்ந்து கிடக்கிறது.
நூற்றிருபது ரூபாய்.

ஸ்பெயினில் நான் நின்றுவிட்டேன்.

பலகையில் பொன்னிற வளையங்களின் படம்.
எட்டு வளையம் இருநூற்று எண்பது.
பெயர் என்னவோ போட்டிருந்தார்கள்.
கடம்பா.

காலை நாலு மணி, காசிமேடு,
ஐஸ் தண்ணீரில் கையை விட்டுத்
தலையைப் பிடித்து இழுத்தால் குடலோடு வரும்.
முதுகுக்குள் கண்ணாடிச் சீவல் போல ஒரு முள்,
அதை உருவி, ஊதாத் தோலை உரித்து
வெள்ளை உறையாக டிரேயில் அடுக்குவது வரை என் வேலை.
பதினோரு வருஷம்.
மை நகத்தை விட்டுப் போனதில்லை,
கல்யாணம் காட்சி என்றால்
மருதாணி வைத்து மறைப்பேன்.
கிழிந்த கடம்பா வீட்டுக்கு வரும்,
பூண்டு தட்டிப் போட்டுத் தொக்கு.
கிழியாதது கப்பல் ஏறும்.
அதை யார் நறுக்குகிறார்கள், எப்படி நறுக்குகிறார்கள்,
நான் கேட்டதில்லை.

"நம்ம கடம்பாதானே, இதுக்குப் போயா காசு?"
சுகுணா கையைப் பிடித்தாள்.
ஒரு பிளேட் என்றேன்.
என் பர்ஸிலிருந்து எடுத்தேன்.

ஐந்து பேர், எட்டு வளையம்.
கிஷோர் ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டான்.
உப்பு, மைதா, ஒரு சொட்டு எலுமிச்சை.
மெத்தென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
மாவு உதிர்ந்த ஒரு வளையத்தின் விளிம்பில்
நூலளவு ஊதாத் தோல்.

யார் கை அவசரப்பட்டது?
பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்ப ஓடும் மேகலாவா?
புதிதாகச் சேர்ந்த ஒடிசாப் பெண்ணா?
இல்லை நானேதானா, எந்த நாளிலோ?
சூப்பர்வைசர் கண்ணில் பட்டிருந்தால்
டிரே மொத்தமும் திரும்பி வந்திருக்கும்.
நகத்தால் கிள்ளி உரித்தேன்.
டிஷ்யூவில் சுருட்டி இடுப்பில் செருகினேன்.
வளையத்தை லித்திகாவிடம் நீட்டினேன்,
அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைப்பெண் முத்திரை குத்தினாள்.
"எப்டி இருந்துச்சு மேடம்?"
"தோலைப் பாத்து வாங்கும்மா" என்றேன்.
புரியாமல் சிரித்தாள்.

திரும்பும்போது வழக்கம் போல
ரோடு அடைத்து நின்றன டிரைலர்கள்.
ஷேர் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி
இவர் ஒவ்வொரு டிரைவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.
கிஷோர் தூங்கிப்போனான், விரலில் எண்ணெய்.
அந்த பாஸ்போர்ட்டில்
அம்மா பெயருக்குக் கோடு கிடையாது.
லித்திகா ஸ்பெயின் பக்கத்தைத் திறந்து
முத்திரைக்குக் கீழே என்னவோ எழுதினாள்,
நான் எட்டிப் பார்த்ததும் கையால் மூடினாள்.
நான் கேட்கவில்லை.
வண்டி குலுங்கிய குலுங்கலுக்கு
எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.