நாற்பத்தாறு இறாத்தல்

சபையின் பெயர்ப்பலகையைக் கழற்ற வந்தவர்கள்
நான்கு ஆணியில் மூன்றைத்தான் பிடுங்கினார்கள்.
நான்காவதில் ஒரு பக்கம் சாய்ந்து
இன்னும் தொங்குகிறது.
சம்மாந்துறைக் காற்றில் இரவில் தட்டும்.

கையளிப்புப் பத்திரத்தில் நான் எழுதியவை:
சாக்கு, வெற்று, இருநூற்றுப் பதினொன்று.
ஈரம் பார்க்கும் கருவி, பழுது.
மேடைத் தராசு ஒன்று, படிக்கற்களுடன்.
அவற்றை ஏற்ற லொறி வரும் என்றது கந்தோர்.
வரவில்லை.

சபை நல்லதென்று சொல்ல மாட்டேன்.
களவெட்டியிலிருந்து வந்த வண்டிகள்
மூன்று நாள் வரிசையில் கிடக்க
எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர்
மட்டக்களப்பில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.
பதரென்று தள்ளிய நெல்
பின்கதவால் நெல்லாகவே போனது.
காசோலை வருமுன் அடுத்த விதைப்பு வந்துவிடும்.
அதனால் பூட்டிய அன்று யாரும் அழவில்லை.
நான் மட்டும். அதுவும் சம்பளத்துக்காக.

திறந்துவிட்டார்கள் என்றார்கள்.
எதை என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.
கடையில் ஜப்பான் றேடியோ,
வரிசையில்லாமல் சீனி,
களவெட்டி வாசலுக்கே லொறி, கையிலே காசு,
சபை தந்ததிலும் புசலுக்கு மூன்று ரூபாய் கூட.
முதல் முன்மாரி எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாம் முன்மாரிக்கு ஒரே ஒரு லொறிதான் வந்தது.
சபையின் புசல் நாற்பத்தாறு இறாத்தல்.
லொறியின் புசல் ஐம்பது.
"இது எங்கட தராசு. புடிக்காட்டி
வேற இடத்தில குடுங்க" என்றார் தரகர் கோணாமலை.
வேறு இடம் அந்த வருடம் இருக்கவில்லை.
முத்திரை குத்தும் பரிசோதகரின் ஜீப்பைக்
கண்டதாக யாரும் சொல்லவில்லை.
வழக்குப் போடலாம்.
கல்முனைக் கோர்ட்டில் தவணைக்கு மேல் தவணை;
நெல் அதுவரை நனையாமல் இருக்குமா?

ஒரு மஃரிபுக்குப் பிறகு
சைக்கிளில் ஒற்றைச் சாக்கை உருட்டிக்கொண்டு
சரிபா வந்தாள்.
"விக்கிறதுக்கில்ல புள்ள.
எவ்வளவெண்டு அறியத்தான்."

திறப்பு என்னிடம் இருந்தது.
தராசின் முத்திரை எழுபத்தேழோடு நின்றிருந்தது.
படிக்கல்லைத் துடைத்து நிறுத்தேன்.
பழைய பற்றுச்சீட்டின் முதுகில்
நிறை எழுதி, திகதி போட்டு,
தவமலர் என்று ஒப்பம் வைத்தேன்.
எந்தச் சட்டத்தின் கீழ் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் உதுமாலெப்பை.
பிறகு வளத்தாப்பிட்டியிலிருந்து இரண்டு வண்டி.
சாக்குக்கு இருபத்தைந்து சதம் வாங்கினேன்,
மண்ணெண்ணெய்க்கும் எனக்கும்.
கோணாமலை முதலில் சீட்டைக் கிழித்தார்.
பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
சிறுபோகத்தில் புது லொறி ஒன்று வந்தது,
சாக்கை இறக்காமலே
என் சீட்டைப் பார்த்து விலை சொன்னது.
அப்போதுதான் பயந்தேன்.

இன்றிரவு கோணாமலையே வந்திருந்தார்,
லொறி விளக்கை அணைத்துவிட்டு.
"சாக்குக்கு ரெண்டு இறாத்தல் குறைச்சு எழுது தங்கச்சி.
எல்லாரையும் நீ நிறுக்கிறாய்,
உன்ன ஆரு நிறுக்கிற?"

மேசையில் தடித்த உறையை விட்டுப் போனார்.
கேட்டது சரியான கேள்வி.
பலகை தட்டிக்கொண்டே இருக்கிறது.

விடிந்ததும் படிக்கற்களைச்
சரிபா வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.
திறப்பு என்னிடம். கல் அவளிடம்.
அவள் வராமல் நிறுக்க முடியாது,
நான் வராமல் திறக்க முடியாது.
இதற்கு அவளுக்குச் சாக்குக்குப் பத்துச் சதம்.
அதற்கு மேல் கேட்பாள். கேட்கட்டும்.

கையளிப்புப் பத்திரத்தின் பிரதியை எடுத்து
வெற்றுச் சாக்குகளுக்கும் தராசுக்கும் கீழே எழுதுகிறேன்:
உறை ஒன்று. பிரிக்கப்படாதது.