நான்கெல்லை

நீடாமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில்
பதினோரு வருஷமாகப் பத்திரம் அடிக்கிறேன்.
'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள'
என்ற வரியை விரல்கள்
என்னைக் கேட்காமலே முடித்துவிடும்.

போன ஆவணியில் ஒரு விடுதலைப் பத்திரம்.
எழுதி வாங்குபவர் என் அண்ணன் நீலமேகம்.
எழுதிக் கொடுப்பவர் செங்கமலவல்லி, வயது முப்பத்தெட்டு.
பெயரில் பிழை உண்டா என்று மூன்று தடவை பார்த்தேன்.
இல்லை.
கோரையாற்றுப் பாசனம், நாலு மா நஞ்சை,
அதில் என் பாதிப் பங்குக்கு மூன்று லட்சம்.
விலை பேசியது அண்ணி.

பணம் வந்த அன்றே
பேங்க் மேனேஜர் நாற்காலி போட்டு
இன்ஷூரன்ஸ் என்றார்.
நாத்தனார் சீட்டு என்றாள்.
நான் ரயில்வே கேட்டில் யோசித்தேன்.
எங்கள் ஊர் கேட் மூடினால்
புதுத் தொழிலே ஒன்று கற்றுக்கொள்ளலாம்.
நெல் மூட்டை வேகன்கள் முன்னே போய்ப் பின்னே வரும்.
அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான்
செயலி என்னைக் கண் சிமிட்டச் சொன்னது.
ஹெல்மெட்டைக் கழற்றிச் சிமிட்டினேன்.
பக்கத்து பைக் ஆசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரே மாதத்தில் இருபது சதவீதம் சரிந்தால்
என்ன செய்வீர்கள் என்று கேட்டது.
கஜா புயலன்று கட்டிலுக்கடியில்
மகளையும் டைப்ரைட்டரையும் அணைத்தபடி விடிந்தவள் நான்.
தாங்கும் திறன் 'அதிகம்' என்று அழுத்தினேன்.
எண்பது பங்கு, இருபது பத்திரம் என்றது.

பங்கு. பத்திரம்.
யார் வைத்த பெயர்களோ.
பங்கு என்றால் எங்கள் பக்கம் பங்காளி, வாய்தா,
வரப்பில் நட்ட கல் ராத்திரியில் நகர்வது.
பத்திரம் என்றால் முத்திரைத்தாள்,
அப்புறம், பஸ் படியில் ஏறும் மகளுக்குச் சொல்வது.
இங்கேயோ
எழுதிக் கொடுப்பவர் அரசாங்கம்.
பத்து வருஷத்துக்கு, ஆறு மாதத்துக்கொரு தரம் வட்டி.
எழுதி வாங்குபவர் கட்டத்தில்
முதல்முறையாக என் பெயர்.
பங்கு எதையும் எழுதித் தரவில்லை.
வரப்பில்லாத ஐம்பது கம்பெனிகளில்
நகக்கண் அளவு ஏதோ எனக்கு,
நான்கெல்லை கிடையாது.

தையில் சரிந்தது.
இருபதுகூட இல்லை, பதினாலு.
முப்பத்து மூவாயிரத்து அறுநூறு.
காற்றில்லை, கரண்ட் இருக்கிறது,
குழம்பு கொதிக்கிறது, எண் மட்டும் சிவப்பு.
நாலு ராத்திரி தூக்கமில்லை.
புயலில் யாரும்
'வெளியேறு' என்று பொத்தான் தந்ததில்லை.
ஐந்தாம் நாள் கேட்டில்
'விற்க' என்பதன் மேல் விரல் வைத்திருந்தேன்.
எல்லாவற்றையும்.
கேட் திறந்தது.
பின்னால் மன்னார்குடி பஸ் அடித்த ஹாரனில்
போனைப் பையில் போட்டு வண்டியை எடுத்தேன்.
வீட்டுக்கு வந்ததும் உலை வைக்க வேண்டியிருந்தது.

மேட்டூர் திறந்து
தண்ணீர் மூணாறு தலைப்புக்கு வந்த வாரம்
எண் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது, சொச்சத்தோடு.
லஸ்கர் ஷட்டரைத் திருகி
வெண்ணாற்றுக்கு, பாமணிக்கு, கோரையாற்றுக்கு என்று
பிரித்து விட்டுக்கொண்டிருந்தார்.
கோரையாறு எந்த வயலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.
பார்க்காமல் வந்துவிட்டேன்.

அன்றுதான் பாதிக்குப் பாதியாக மாற்றினேன்.
இறங்கியபோது அல்ல, ஏறியபோது.
என் புத்தியா, கேட் கீப்பர் தயவா, தெரியாது.
சாட்சி இருவர் கேட்கவில்லை,
கைரேகை கேட்கவில்லை,
ஓடிபி மட்டும்.

மத்தியானம் கடையில் ஆளில்லை.
புது ஃபைல் திறந்து அடித்தேன்:
சொத்து விபரம்.
வடக்கே: மூன்று வருஷத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம்.
தெற்கே: என் ராத்திரித் தூக்கம்.
கிழக்கே: அண்ணன் கைமாற்று கேட்டால் சொல்லவேண்டிய 'இல்லை'.
மேற்கே

"யார் பத்திரம்மா அது?" என்றார் முதலாளி.
ஒரு பார்ட்டி, சார்.
"ஸ்டாம்ப் வாங்கியாச்சா?"
எல்லை இன்னும் முடியவில்லை என்றேன்.