இரண்டு இறங்குதுறை

மூதூர் லோஞ்சு ஓட்டுகிற ஆதம்லெப்பை
வலக்கண்ணைப் பொத்தியபடி
உட்துறைமுக வீதியில் என் கண்ணாடிக்கடைக்குப் படியேறினார்.
"ரெண்டு ஜெட்டி தெரியுது மிஸ்.
நேத்து, இல்லாத ஜெட்டிக்குக் கவுத்தை எறிஞ்சிட்டன்."
கயிறு தண்ணீரில் விழுந்ததாம்.
வந்த சனம் சிரித்ததாம், ஒரு மீன்காரியைத் தவிர.

சீனி. நான் கேட்குமுன் அவரே சொன்னார்,
பன்னிரண்டு வருசமாம்.
கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு
கொஞ்ச நாளாய் வேலைக்கு வரவில்லை.
வலக்கண் மூக்கைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது.

பெட்டியைத் திறக்கக் கையில் வந்தது
ஐந்தாம் எண் குவிவு வில்லை.
அது அவருக்கானதல்ல. ஆனாலும்
சுவருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன்,
காலையில் கடை திறந்ததும் நான் செய்கிற வேலை.
யன்னல் சுவரில் வந்து குந்தியது:
கடல் மேலே, வானம் கீழே,
குப்பைத் தொட்டியை முகரும் புள்ளிமானின்
நாலு காலும் உயரத்தில்.
"எல்லாம் கவிண்டு கிடக்கே!"
உங்கள் கண்ணுக்குள்ளும் இப்படித்தான், பிறந்த நாள் தொட்டு.
மூளை நிமிர்த்தி வைக்கிறது, யாரும் கேளாமலே.
"அப்ப இதையும் அதே ஒண்டாக்கட்டுமே?"
ஆக்காது.
கவிழ்ந்ததை நிமிர்த்தப் பழகியது
பிரிந்ததைக் கண்டால் கைவிரிக்கிறது.

அரியத்துக்கு வகுப்பறையில் ஒரே வேலை:
வெள்ளையை வாங்கி ஏழாய்த் துப்பும்.
கூட வளைவது ஊதா என்று எழுதினால் இரண்டு புள்ளி.
என் பெட்டியில் அதற்கு வேறு உத்தியோகம்.
தடித்த பக்கம் காதை நோக்க
நாலு வைத்தேன். ஆறு.
தெருவின் ஒற்றை விளக்குக் கம்பம்
தன் இரட்டையை நோக்கி நகர்ந்தது.
எட்டு. "கிட்ட வருது."
பத்து. "ஒரு விரல் நீக்கல்."
பன்னிரண்டில் அவர் பேசவில்லை.

ஒளியைத் தடித்த பக்கம் மடக்கி
பொருளை மெலிந்த பக்கம் தள்ளிக் காட்டும்
சின்னப் பொய், அவ்வளவுதான்.
சுவரில் விழுவதே மெய்விம்பம் என்கிறது பாடப்புத்தகம்;
ஆகவே கவிழ்ந்த மான் மெய்.
இனி அவர் கயிறு எறியப் போகும் இறங்குதுறையோ
கண்ணாடிக்கு அப்பால் தோன்றும் மாயவிம்பம்.
கயிற்றுக்கு இது தெரியாது. இறுகும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார்.
"வெள்ளைக்கெல்லாம் கரை பிடிச்சிருக்கு மிஸ்.
ஒரு பக்கம் நீலம், மற்றப் பக்கம் செம்மஞ்சள்.
பள்ளி மினாராவில, லோஞ்சுக் கம்பியில,
மகள்ட யூனிபோமில."
அரியம் பழைய தொழிலை விடவில்லை.
சேர்த்து வைத்ததற்கு அது எடுக்கிற கூலி என்றேன்.
"கழட்டவா சொன்னன்? கேட்டு வைச்சன்."

மூன்று மாதத்தில் நரம்பு திரும்பலாம்.
அன்றைக்கு இதே கண்ணாடி ஒன்றை இரண்டாக்கும்,
உடனே கழற்றிவிட்டு வாருங்கள் என்றேன்.
படியில் இறங்கியவர் நின்றார்.
"அப்ப அந்த ரெண்டாவது ஜெட்டி
இப்ப எங்க போய் நிக்குது?"

விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
லோஞ்சு ஊதியது, அவர் ஓடினார்.
ஐந்தாம் எண்ணை எடுத்துச் சுவருக்குப் பிடித்தேன்.
கடலில் தொங்கியபடி லோஞ்சு புறப்பட்டது.
கயிறு அவிழ்ந்தது தெரியவில்லை,
அவ்வளவு சின்ன விம்பம்.