ஆளுக்கு ஒன்று

கொக்குவில் வாசிகசாலை மண்டபத்தில்
மேசைக்கு முன்னால் மட்டை ஒன்று தொங்கியது:
ஆளுக்கு ஒரு புத்தகம் மட்டும்.
என் பையில் நாலு.
நாலும் ஒரே நாவல்.

லண்டன் பதிப்பு, கெட்டி அட்டை,
மேலுறையில் ஒரு கீறல் இல்லை.
ஹரோவிலிருந்து மச்சான் சுகுணன்
குளிர்க்கோட்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது.
ஆறு மாதம் பிந்தி நியூயோர்க் பதிப்பு.
அட்டையில் யானை நிற்கிறது.
நாவல் முழுக்கத் தேடிவிட்டேன்,
யானை இல்லை.
சென்னைப் பதிப்பு நல்ல வெள்ளைத்தாள்,
கடைசி எட்டுப் பக்கம்
எங்கள் சொற்களுக்கு அர்த்தம்.
பெட்டை என்றால் பெண்ணாம். சரி.

நாலாவது இங்கேயே அடித்தது, தொண்ணூற்று மூன்றில்.
கடதாசி வராத காலம்.
பள்ளிக்கொப்பித் தாள்.
நீலக்கோட்டில் நில்லாமல்
கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே
நடந்துபோகும் எழுத்து.
பழைய பேப்பர்க் கடையில் நிறுத்து வாங்கினேன்.
முதற் பக்கத்தில் யாரோ பால்கணக்கு எழுதியிருந்தார்கள்.

சேகரிக்கிறவனுக்குக் கணக்குத் தெரியும்.
லண்டன் முதற்பதிப்பு, கையொப்பத்தோடு என்றால்
ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிற எனக்கு
மூன்று மாதச் சம்பளம்.
வடைத் தட்டம் வந்தபோதும் தொடவில்லை,
எண்ணெய்க் கை.
முன்னால் நின்ற ஓய்வுபெற்ற அதிபர்
கனடாவிலுள்ள பிள்ளைகளின் பெயரெல்லாம்
ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவித்தார்.
லண்டனைத்தான் நீட்டுவது,
முடிவெடுத்தாயிற்று.

பைக்குள் போன கை
சொரசொரப்பானதை எடுத்துவிட்டது.

பத்மலோசனி அக்கா கண்ணாடியைக் கழற்றினா.
ஒஸ்லோவில் முப்பது பனிக்காலம் கழித்த கண்.
"இது உங்களுக்கு எங்காலை?"
பதிலுக்கு நிற்கவில்லை.
விறுவிறென்று அறுபத்தோராம் பக்கம்.
"இதிலை ஒரு வரி விட்டுப்போச்சு, தம்பி.
பொம்பர் வந்தது. அச்சுக்கோர்த்த செல்லக்கண்டர்
பங்கருக்குள்ளை போட்டு வந்து
அடுத்த வரியிலையிருந்து கோர்த்தார்.
பிறகு வந்த எல்லாம்
இதைப் பார்த்துத்தானே அடிச்சவை."

இரண்டு வரிகளுக்கு நடுவே
நீலக்கோடு பிடித்து
பொடி எழுத்தில் எழுதினா:
கிணற்றுக்கட்டில் செருப்பைக் கழற்றி வைத்தாள்.

அவ்வளவுதான் வரி.

அந்த அத்தியாயம் முடிகிறபோது
அவள் கொடிகாமம்வரை வெறுங்காலோடு போகிறாள்.
லண்டனில் அதற்காக
வழியில் செருப்பு அறுந்ததாக ஒரு வசனம் சேர்த்திருக்கிறார்கள்.
நியூயோர்க்கில் வெறுங்காலையே வெட்டிவிட்டார்கள்.
சென்னையில் அடிக்குறிப்பு:
ஈழத்துப் பெண்கள் வெறுங்காலோடு நடப்பது வழக்கம்.
இத்தனை வருசமும் அந்தச் செருப்பு
கிணற்றுக்கட்டிலேயே கிடந்திருக்கிறது,
ஒருவருக்கும் தெரியாமல்.

பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார்.
வெளியில் சைக்கிளைப் பூட்டுத் திறக்கிறபோதுதான் பார்த்தேன்,
கையொப்பம் இல்லை.
அக்கா மறந்துபோனா.
திரும்பப் போகலாம் என்றால்
ஆளுக்கு ஒன்று.

"விக்கப்போனால்
ஆரோ கிறுக்கின புத்தகம் எண்டுதான் சொல்லுவினம்"
என்றான் கூட வந்த குகதாசன்,
என் பங்கு வடையையும் தின்றுகொண்டு.

இரவு பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.
லண்டன் பதிப்பு மேசையில் விரித்தபடி.
விரல் பட்டாலே விலை இறங்கிவிடுகிற பக்கம்.
அதில் அது
அறுபத்தொன்று இல்லை,
எழுபத்தெட்டு.