எத்தனை மாதம்

ஹோ நகரச் சந்தையில்
ஆரஞ்சு வாங்க வருகிறவர்கள்
எசினாமைக் கேட்கிறார்கள்: எத்தனை மாதம்?
ஆறு, என்பாள்.
போன வருஷமும் ஆறுதான்.

மாதத்தில் பதினொரு நாள் உதிரம்.
கறை தெரியாதிருக்கக் கறுப்பே உடுத்தி
துக்கக்காரி என்று பெயரெடுத்தாயிற்று.
நாலு படி ஏறினால்
காதுக்குள் மாவு மில் ஓடும்.
யாரோ வைத்த சூனியம் என்றாள் நாத்தனார்.

ஸ்கேன் திரையில் டாக்டர் விரல் வைத்தார்.
இது எலுமிச்சை. இது ஆரஞ்சு.
இதோ, ஒரு பப்பாளி.
நார்க்கட்டிகள், புற்று இல்லை,
நீ செய்த தப்பும் இல்லை.
கர்ப்பப்பையை விட்டுவைத்தே எடுக்கலாம்,
முதலில் ரத்தம் ஊறட்டும்.

கையில் ஏந்தியே எடை சொல்கிறவள்
கேட்டாள்:
பப்பாளி எவ்வளவு இருக்கும்?
டாக்டர் சிரிக்கவில்லை.
ஒன்றரைக் கிலோ.

தலையில் கூடை,
அதற்குக் கீழே இன்னொரு கூடை.
அதற்கு மட்டும் கூலியே கேட்காமல்
நாலு வருஷம்.

திரும்பும் ட்ரோட்ரோவில் ஒரு பையன்
முன்சீட்டை விட்டுக்கொடுத்துப் பின்னால் போனான்.
மறுக்கவில்லை. மாத்திரைப் பையை மடியில் வைத்து
உட்கார்ந்தாள்.

எத்தனை மாதம் அக்கா?

நாற்பத்தெட்டு.

பையன்
விரல் மடக்கத் தொடங்கினான்.